பேக்கப் இருக்கா என்று கேட்டவர்

நூலகத்து மாடி அறையில் இருந்த ஏழு கணினிகளும் ஒரு சனிக்கிழமை மதியம் தமிழுக்கு மாறியிருந்தன. முந்தின வாரம் வரை ‘ஃபைல்’, ‘எடிட்’ என்று ஆங்கிலத்தில் இருந்த இடங்களில் ‘கோப்பு’, ‘திருத்து’ என்று நின்றன. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. வாராவாரம் லினக்ஸ் கூட்டத்துக்கு வருகிற கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“யாருய்யா இந்த வேலை பண்ணது?”

“புதுப் பதிப்புல இப்படித்தான் வருது,” என்றார் லிஃப்ட் மெக்கானிக், தலையைத் திருப்பாமல்.

அப்படி எந்தப் பதிப்பிலும் வரவில்லை. நடந்தது இதுதான். அந்த நூலகத்தைப் பெருக்கித் துடைக்கிற பெண், முந்தின வாரம் துடைப்பத்தைக் கதவோரம் சாத்திவிட்டு, “நானும் கொஞ்சம் உக்காந்து பாக்கலாமாண்ணே?” என்று கேட்டிருந்தாள். உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். “கண்ணு சரியாத் தெரியல. அடுத்த வாரம் கண்ணாடியோட வரேன்” என்று எழுந்துவிட்டாள். அவள் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அது லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஏழு மெஷினையும் மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றினால் அது யாருக்காக என்று தெரிந்துபோகும். தமிழ் இல்லாத இடங்களில் தானே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பினார். அதன்பின் நாலு மாதம் எங்கே எது இருக்கிறதென்று தெரியாமல் அவரே தடுமாறினார். எதுவும் சொல்லவில்லை.

அவளுக்கு இது தெரிய நாலு வருஷம் ஆனது. அதுவும் கூட்டத்துக்கு வருகிற நர்ஸ் சொல்லித்தான்.

லினக்ஸ் என்பது கணினியை நடத்துகிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். விற்றவர் என்று ஒருவர் இல்லாததால் கெட்டுப்போனால் போய்ச் சண்டை போடவும் ஆள் கிடையாது. ஆகவே கெட்டுப்போனவர்கள் எல்லாரும் சனிக்கிழமை கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதில் மூத்தவர் இந்த மெக்கானிக். ஆளைப் பார்த்ததும் வணக்கம் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. “பேக்கப் இருக்கா?” என்பார். உள்ளே இருப்பதற்கு இன்னொரு நகல் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று அர்த்தம். “இருக்கு, இருக்கு” என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். காய்ச்சலோடு போகிறவன்கூட ‘சௌக்கியமா’ என்று கேட்டால் ‘சௌக்கியம்’ என்கிறானே, அந்த மாதிரி. பேக்கப் அண்ணன் என்ற பெயர் இப்படி ஒட்டிக்கொண்டது.

லிஃப்டில், கயிறு அறுந்தாலும் பிடித்துக்கொள்கிற பிரேக் ஒன்று உண்டு. அதற்கு ஆயுளில் ஒருமுறைகூட வேலை வராமல் போகலாம். ஆனாலும் பேக்கப் அண்ணன் வருஷா வருஷம் அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இதை அவர் யாருக்கும் உபதேசமாகச் சொன்னதில்லை. கேட்டால் சொல்வார்.

அவர் கூட்டத்தில் இரண்டு சட்டம். ஒன்று, “உங்க மெஷின், உங்க கை.” உதவி கேட்டு வந்தவரின் கீபோர்டை அவர் தொடமாட்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வந்தவர் ஓர் எழுத்தைத் தேட அரைமணி எடுத்தாலும் அப்படியேதான் நிற்பார். இரண்டு, கட்டளையை அடித்து முடித்ததும் என்டர் தட்டக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் அதைச் சத்தமாக வாசிக்கவேண்டும். வாசித்து, ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் தட்டலாம்.

“ஓடலைன்னு மட்டும் சொல்லாதீங்க,” என்பார். “நீங்க என்ன பண்ணீங்க, அது என்ன சொல்லுச்சு, அதைச் சொல்லுங்க. எழுத முடியலைன்னா போன்ல படம் எடுத்துட்டு வாங்க.” அப்டேட் போட்ட பிறகு மெஷின் எழுந்திருக்கவில்லை என்று யாராவது முகம் வெளிறி வந்தால், “பழைய பதிப்பை அது தூக்கிப் போட்டிருக்காது. ஆரம்பத்துல ஒரு பட்டியல் வரும் பாருங்க, அதுல கீழ இருக்கும். அது வழியா உள்ள போங்க. சண்டையை உள்ள போய்ப் போட்டுக்கலாம்,” என்பார்.

கணக்கு வாத்தியாருக்கு வேறொரு நோய். லினக்ஸில் நூறு வகை உண்டு. மாதம் ஒன்றுக்குக் குடிபோவார். அவருக்கு வாடகைவீடு என்று பெயர் வைத்தது நர்ஸ். “சார், வீடு மாறுங்க, யார் வேணாம்னா? சாமானை மட்டும் தனி அறையில வெச்சுப் பூட்டிட்டு மாறுங்க,” என்று பேக்கப் அண்ணன், ஹோம் என்கிற சொந்தக் கோப்புகள் இருக்குமிடத்தை டிஸ்கில் தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லிக்கொடுத்தார். வாத்தியார் தன் லேப்டாப்பில் அப்படிச் செய்தார். மாடி அறை மெஷின்களில் செய்ய மறந்து, அதிலும் மாதாமாதம் குடி மாற்றினார். அதில் வைத்தது எதுவும் நிற்காது. எனவே எல்லாரும் அவரவர் பொருளை அவரவர் பென் டிரைவில் வைத்துக்கொண்டார்கள்.

நூலகத்துப் பெண்ணும் அப்படித்தான். அவள் வைத்திருந்தது பாட்டு.

அவள் போகிற பிரார்த்தனைக் கூடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் உண்டு. முன்பிருந்தவர்கள் கட்டியவை, அச்சில் ஏறாதவை. ஏழு நோட்டுகளில் ஏழு பேர் கையெழுத்தில் கிடந்தன. மழைக்கு ஒழுகி மை பரவியிருந்தது. அதை ஒரு புத்தகமாக்கி இறைவன் காலடியில் வைத்துவிட வேண்டும் என்று அவள் மனதில் விழுந்தது. வேலை முடிந்த சனிக்கிழமைகளில் ஒற்றை விரலால் அடித்தாள். முதல் பாட்டுக்கு மூன்று வாரம் பிடித்தது. கூட்டத்தார் அவளைப் பாட்டக்கா என்று கூப்பிட்டார்கள். வீட்டில் மூத்த நாத்தனார் வேறு மாதிரி சொன்னாள்: “கம்ப்யூட்டர்ல தூசி தட்டப் போனவ கம்ப்யூட்டரையே தட்ட ஆரம்பிச்சுட்டா.”

வாராவாரம் பேக்கப் அண்ணன் கேட்டார். “பேக்கப் இருக்காம்மா?”

“இருக்குண்ணே.”

இல்லை. எப்படி எடுப்பது என்று கேட்க முதல் வாரம் கூச்சம். இரண்டாம் வாரம், முதல் வாரம் ‘இருக்கு’ என்று சொல்லிவிட்டதால் கூச்சம். பிறகு வருஷம் ஓடிவிட்டது. தினமும் கண்மூடி உட்காரும்போது இந்த ஒரு பொய் மட்டும் முன்னால் வந்து நிற்கும். ‘வர்ற சனிக்கிழமை சொல்லிடறேன்’ என்று கடவுளிடம் தவணை வாங்கிக்கொள்வாள்.

பாட்டு எல்லாம் ஏற்றி முடித்த வாரம் வீட்டில் மகிழ்ச்சியாக அறிவித்தாள். அன்றே நாத்தனார், “அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே” என்று ஏழு நோட்டையும் பழைய பேப்பரோடு கட்டி அனுப்பிவிட்டாள். அலமாரி சுத்தமாக இருந்தது.

அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள். பாட்டக்கா மூன்றாம் மெஷினில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். அது எழுந்திருக்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் அவளுக்கு டியூட்டி. டிஸ்க் போயிருக்கலாம், ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி அதிலிருந்து எழுப்பிப் பார்க்கவேண்டும். பேக்கப் அண்ணன் பையிலிருந்து கறுப்புப் பென் டிரைவ் ஒன்றை எடுத்தார். மற்ற மெஷின்களில் வாத்தியார் குடி மாற்றிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் தள்ளுங்கம்மா. ரெண்டே நிமிஷம்.”

அவள் எழுந்தாள். அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார், அவள் கீபோர்டில் கை வைத்தார். கட்டளையை அடித்தார். யாரையும் வாசிக்கச் சொல்லவில்லை. என்டர் தட்டினார்.

மெஷினில் இரண்டு பென் டிரைவ் செருகியிருந்தன. இரண்டும் கறுப்பு. அவருடையதில் விளக்கு எரியவில்லை. அவளுடையதில் எரிந்தது.

எரிந்து அணைவதற்குள் பார்த்துவிட்டார். பிடுங்கிவிட்டார். அதற்குள் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“அம்மா, உங்க பென் டிரைவ் மேல எழுதிட்டேன். தப்பு என்னுது. எது எந்த டிரைவ்னு அளவை வெச்சுப் பாத்துட்டுத்தான் எழுதணும், பாக்கல. வாசிக்கச் சொல்லணும், சொல்லல. பேக்கப் எங்கே இருக்குன்னு சொல்லுங்க, அதிலேர்ந்து எடுத்துடலாம்.”

பாட்டக்கா தலையை ஆட்டினாள், இல்லை என்று. வாத்தியார் குடி மாற்றுவதை நிறுத்தினார்.

பேக்கப் அண்ணன் அவளை ஏன் என்று கேட்கவில்லை. “நோட்டு?” என்றார்.

“அண்ணி பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டாங்க.”

“சரி,” என்றார். லிஃப்ட் நடுவில் நின்றுபோய் உள்ளிருப்பவர்கள் கதவைத் தட்டும்போது வெளியிலிருந்து சொல்கிற ‘சரி’ அது. “இனிமே இது மேல ஓர் எழுத்துகூட எழுதக்கூடாது. முதல்ல இதை அப்படியே முழுசா ஒரு நகல் எடுப்போம். அந்த நகல்ல தேடுவோம். இதை யாரும் தொடவேண்டாம்.” கட்டளையை வாத்தியார் அடித்தார். நர்ஸ் சத்தமாக வாசித்தாள், இரண்டு தடவை. டியூட்டிக்குத் தாமதமாகும் என்று போன் செய்துவிட்டு மூன்றாவது தடவையும் வாசித்தாள்.

தேடிப் பிடிக்கிற நிரல் ஒன்று ஓடியது. மேலே எழுதப்பட்ட இடத்தில் இருந்தவை போய்விட்டன. மீதி இருந்தன, பெயர் இல்லாமல். வெறும் எண்கள். நர்ஸ் கிளம்புவதற்கு முன் ஒன்றைத் திறந்து முதல் அடியை வாசித்தாள். பாட்டக்கா மிச்சத்தைப் பாடி, “அது நூத்து நாப்பத்தேழு” என்றாள். அடுத்தது, அதற்கடுத்தது. அந்தச் சனிக்கிழமையும் ஞாயிறும் இப்படியே போயின. இருநூற்று ஐம்பத்தொன்று வந்து சேர்ந்தன. வராதவை அறுபத்தொன்று, எல்லாம் அவள் முதலில் அடித்தவை.

“அதெல்லாம் எனக்குத் தெரியும்ணே,” என்றாள் பாட்டக்கா. ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அடித்த பாட்டுகள். எழுத்து எழுத்தாக நெஞ்சில் இருந்தன.

அவள் சொன்னாள், பேக்கப் அண்ணன் அடித்தார். கடவுளை அவர் தொந்தரவு செய்வதில்லை. லிஃப்ட் குலுங்கும்போது மற்றவர்கள் கும்பிடுவதை மட்டும் பார்த்திருக்கிறார். தமிழ் அடிப்பதும் அவருக்குத் தடுமாற்றம்தான். “ ‘ஞா’ எங்கேம்மா இருக்கு?” என்று கேட்டு, அவள் விரல் நீட்டிக் காட்ட, ஒற்றை விரலால் தட்டினார். இந்தத் தடவை அவள் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. சாயங்காலம் வேலை விட்டதும் நேரே வருவார், கை கழுவிவிட்டு உட்காருவார்.

“ ‘உன் பாதமே கதி’ ரெண்டு தடவையா, மூணு தடவையா?”

“மூணுண்ணே. மூணாவது கொஞ்சம் இழுக்கணும்.”

“இழுக்கறதை எப்படி அடிக்கறது?”

“அது பாடறவங்க பாத்துப்பாங்க.”

மூன்றாம் நாள், இருபத்தெட்டாம் பாட்டின் நடுவில், அவள் நிறுத்தினாள். “அண்ணே, வாராவாரம் இருக்கு இருக்குன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியும்மா. எல்லாருந்தான் சொல்றாங்க.”

“தெரிஞ்சும் ஏண்ணே கேட்டீங்க?”

“என்னிக்காவது ஒருத்தர் இல்லைன்னு சொல்வாங்க. அன்னிக்குச் சொல்லிக்கொடுக்கலாம்னு.” திரையைப் பார்த்தார். “அடுத்த அடி சொல்லுங்க.”

ஒரு பாட்டு மட்டும் அவளுக்கு முழுசாக வரவில்லை. அது நாத்தனாருக்குத்தான் தெரியும். நாத்தனார் வந்தாள். நோட்டு போட்ட விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று அறை முழுதும் ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்க வாயை வெச்சுப் பாடணும்?” என்றாள்.

“வாய் எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்மா,” என்றார் பேக்கப் அண்ணன். “நான் கேட்டு அடிக்கறேன்.”

நாத்தனார் சேலையைச் சரிசெய்துகொண்டு பாடினாள். கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் படி ஏறி வந்து நின்றார்கள். ‘சத்தம் போடாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே நூலகரும் நின்றார். நாலாவது சரணம் அவளுக்கும் நினைவில்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் நாலு வரி வெறுமையாக விட்டு அச்சடித்தார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் அந்த இடம் வந்ததும் எல்லாரும் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் முனகுவார்கள். மற்ற மூன்று சரணத்தையும்விட அது நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உதவியவர்கள் பெயரைப் போட பாட்டக்கா கேட்டாள். பேக்கப் அண்ணன், அழித்தவர் பெயரையும் போடுவதானால் சம்மதம் என்றார். அதனால் போடவில்லை. பாட்டக்கா நகல் எடுக்கக் கற்றுக்கொண்டாள், அவரிடமே, அவள் கையால். ஒவ்வொரு தடவையும் வாத்தியார் சத்தமாக வாசித்தார்.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்று, மூத்த மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோனார். அங்கே வீடு ஒன்பதாம் மாடி, லிஃப்ட் சரியில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்கு மூன்று பேர் போனார்கள். வாத்தியார் அவர் பெட்டியைத் தூக்கி வைத்தார். நர்ஸ், மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லிக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தாள். அன்றைக்குப் பிறகு அவரைப் பார்க்க பாட்டக்காவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பேருந்து கிளம்ப உறுமியது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். அவர் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அத்தனை வருஷம் பொய்யாகச் சொன்ன அதே பதிலை இப்போது மனசாரச் சொன்னாள்.

“இருக்குண்ணே! மூணு இடத்துல இருக்கு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு வாத்தியார்கிட்ட, ஒண்ணு அண்ணியோட பீரோவுல, பூட்டி வெச்சிருக்கு!”

பேருந்து நகர்ந்தது. பேக்கப் அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

“திறந்து பாத்தீங்களாம்மா?” என்றார்.