சொல்லாமல் விட்ட இரண்டு பெனால்டிகள்

தலைமன்னாரில் உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு முப்பது வருடமாக நான்தான் மைக்கில் வர்ணனை செய்கிறேன். சென்ற மாதம் இடைவேளையில் அந்தக்கால ஆட்டங்களைப் பற்றிப் பேசினேன். ஓர் இறுதியாட்டத்தில் எங்கள் கோல்காப்பாளர் கால்களுக்கிடையே பந்தை விட்டதைப் பெயர் சொல்லி, நடித்தும் காட்டினேன். மைதானமே சிரித்தது.

ஆட்டம் முடிந்ததும் அவருடைய மகள் என்னிடம் வந்தார்.

"அப்பாவுக்கு இப்ப கண் தெரியாது. உங்கட குரலில மட்ச் கேக்க ஆசைப்பட்டு வந்தவர். இடைவேளையிலயே வீட்ட கூட்டிக்கொண்டு போகச் சொல்லிட்டார். அவரை விட்டிட்டுத்தான் வாறன்."

"மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதே ஆட்டத்தில் அவருடைய அப்பா இரண்டு பெனால்டிகளைத் தடுத்ததை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது ஒவ்வொரு போட்டியிலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். அந்தக் கோல்காப்பாளர் மைதானத்துக்கு வருவதில்லை. ஒலிபெருக்கி ஒன்றை அவர் வீட்டுப் பக்கம் திருப்பி வைக்கிறேன்.