மாமனாரின் பல் செட்டு

இன்று விழுப்புரத்தில் எனக்குப் பல் செட்டு பொருத்திய டாக்டர், "ராத்திரி தண்ணில போட்டு ரெண்டு சொட்டு லவங்கத் தைலம் விடுங்கம்மா, கிருமி அண்டாது" என்றார்.

உடனே எனக்கு மாமனார் ஞாபகம் வந்தது.

அறுபதுகளில் திண்டிவனத்துக்கு மருமகளாகப் போனேன். மாமனார் தன் பல் செட்டை அப்படித்தான் கண்ணாடித் தம்ளரில் போட்டு வைப்பார். தைலம் விட மறந்தால் வழவழவென்று அழுக்குப் படிந்து நாறும்.

அவர் இறந்த பிறகும் மாமியார் தினமும் தண்ணீர் மாற்றித் தைலம் விட்டார். "அவரு வாயில இருந்தது, நாறக் கூடாதுல்ல" என்பார்.

ஒருமுறை வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கண்டாச்சிபுரத்தில் நாத்தனார் வீட்டில் ஒரு மாதம் தங்கினோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் லவங்க வாசனை அடித்தது. தம்ளர் நிறையத் தெளிந்த தண்ணீர். பல்லில் துளி அழுக்கில்லை.

"சாவி உங்ககிட்டதான இருந்துச்சி, யாரு அத்த வந்திருப்பாங்க?" என்றேன்.

"யாரு வரணும்? அவரே பாத்துக்கினாரு" என்று சொல்லிவிட்டு மாமியார் அடுப்பு மூட்டப் போனார்.

அதன் பிறகு எங்களில் யாரும் அந்தத் தம்ளரைத் தொடவில்லை. தண்ணீரும் கெடவில்லை.

பல் செட்டுக்கு வாசனையே இல்லாத மருந்து ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.