வாசகர் வட்டத்தில் நான் சொன்ன ஜப்பான் தொடர்

எட்டாவது வரை படித்தவன் எழுத வந்ததற்கு மன்னியுங்கள். திருக்காட்டுப்பள்ளி நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் தமக்குப் பிடித்ததைப் பரிந்துரைக்க வேண்டும். என் முறை வந்தபோது, நான் பார்த்து அழுத ஜப்பான் அனிமே தொடரைச் சொன்னேன்.

"பொம்மைப் படமாண்ணே? இந்த வயசுலயா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்தபடி, கைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினேன். குத்தகை நிலத்தைக் காலி செய்யச் சொல்லும் பண்ணையாரின் ஆட்கள் கண்முன்னே, ஒரு பெண் சேற்றில் இறங்கி நாற்று நடுகிறாள்.

நடவு வேலைக்குப் போகும் செல்வி அக்கா கைபேசியைப் பிடுங்கினார். "என்னங்க இவ, நாத்த இவ்ளோ ஆழமா ஊனுறா? இப்படி நட்டா தூர் கட்டிப் பயிர் பெருகாதே! சரி, நெலம் அவளுக்குக் கெடைச்சுதா இல்லியா?"

"நீங்களே பாருங்கக்கா."

சிரித்தவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இவர்களுக்கா பயந்தேன் என்றிருந்தது.

மறுநாள் நூலகத்துக்கு விடுமுறை. செல்வி அக்கா என் வீட்டுக்கே வந்து மூன்று பகுதிகள் பார்த்துவிட்டுப் போனார்.