அதே அறையில் உள்ள இரும்பு அலமாரி

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் எவருமில்லை. பாஸ்வேர்டு அக்கா என்றால்தான் தெரியும். அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். தினமும் காலையில் அதில் நான்கு பேராவது கடவுச்சொல்லை மறந்துவிட்டு அவள் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். தலைமை எழுத்தர் தன் மனைவியின் பெயரையே கடவுச்சொல்லாக வைத்து, அதையும் மறந்தவர். இது அந்த அம்மாள் காதுக்கு எட்டிய பிறகு மூன்று நாள் அவர் டீயும் பிஸ்கட்டுமாக உயிர் வாழ்ந்தார் என்பார்கள். மிகையாகத் தோன்றினால் ஒரு நாளைக் கழித்துக்கொள்ளலாம்.

பதிமூன்று வருடமாக அவள் ஒப்பந்தப் பணியாளர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு நீக்குவார்கள், ஒரு நாள் விட்டு மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். நீக்கிய அந்த ஒரு நாளும் அவள் வந்தாக வேண்டும். வராவிட்டால் சர்வரைக் கிளப்ப ஆளில்லை.

இந்தக் கண்ணாமூச்சியிலிருந்து தப்ப ஒரே வழி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அரசுக் கணினி அலுவலர் தேர்வு. இரண்டு முறை எழுதித் தோற்றுவிட்டாள். வயது முப்பத்தொன்பது, வரம்பு நாற்பது. இந்த முறை விட்டால் பிறகு விண்ணப்பப் படிவமே அவளை உள்ளே விடாது.

கணினித் தேர்வில் கணினிக்கு வேலை கிடையாது. காகிதத்தில் வட்டங்களைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். நீச்சல் போட்டியைத் தரையில் நடத்துகிற மாதிரி. அவளும் தரையிலேயே கைகாலை அடித்துப் பழகினாள். பேருந்தில் ஐம்பது நிமிடம், மதியச் சாப்பாட்டு வேளையில் சர்வர் அறையில் அரை மணி. மாலையில் கேள்வி கேட்பது கணவரின் பொறுப்பு.

கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் மெஷின். ஒரு காலர் முடிந்தால் ஒரு கேள்வி என்று கணக்கு. வினா விடைப் புத்தகத்தைப் பார்த்து, அர்த்தம் புரியாமல், மந்திரம் மாதிரி ஒரே மூச்சில் படிப்பார்.

"காப்புப் பிரதிகளை வைக்க ஏற்ற இடம் எது? அ, அதே அறையில் உள்ள பூட்டிய இரும்பு அலமாரி. ஆ, அலுவலரின் மேசை இழுப்பறை. இ, வேறொரு கட்டடம். ஈ, இவற்றில் எதுவுமில்லை."

"இ."

"பின்னாடி அ-ன்னு போட்டிருக்கேம்மா."

"அது தப்புங்க."

"போன தடவை அரை மார்க்குல போச்சே, அப்பவும் இதைத்தானே போட்டே?"

அந்தக் கேள்வி ஒவ்வொரு தேர்விலும் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். விடை மட்டும் மாறாது. எந்தக் காலத்திலோ எழுதிய விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அலுவலகத்தின் மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்தது. சர்வரும் போயிற்று. விதிப்படி அதே அறையில், விதிப்படி பூட்டிய இரும்பு அலமாரியில் இருந்த பிரதியும் போயிற்று. காகிதப் படிவங்களும் அங்கேதான். மை கரைந்து எல்லாம் ஒரே நீலம். மாவட்டத்துக்கு இன்னும் அனுப்பாத கடைசி மூன்று மாதப் பதிவுகள் அழிந்தன; கணக்குப்படி அந்த மூன்று மாதம் ஊரில் யாரும் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை.

அந்த மூன்று மாதத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். வீட்டிலேயே நடந்த சாவு, ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. இறந்ததற்கு ஆதாரம் கொண்டு வரச் சொன்னார்கள். வாரம் தவறாமல் வந்தார். ஒரு நாள் அவள் மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"செத்துட்டான்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்களாம்மா? நாப்பது வருஷம் அவ சொன்னதையெல்லாம் நான் நம்பினேனே."

ஒன்றேகால் வருடம் கழித்து ஒரு புதன்கிழமை மனைவியின் இறப்புச் சான்றிதழ் தயாரானது. தபால்காரரின் சொந்த மரணம் அதற்கு முந்தைய திங்கட்கிழமையே பதிவாகியிருந்தது. இரண்டையும் தட்டச்சு செய்தது அவள்தான்.

போன தேர்வு முடிந்ததும் நான்கு பக்கத்தில் ஆட்சேப மனு போட்டாள். துருப்பிடித்த அலமாரியின் படத்தையும் சேர்த்தாள். 'தங்கள் மனு பெறப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. பிறகு மூச்சு பேச்சில்லை.

இதெல்லாம் கணவருக்கும் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டு, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

"இந்தா பாரு. ஒருத்தன் வந்து இடுப்பு முப்பத்திரெண்டுங்கறான். பாத்தாலே முப்பத்தாறுன்னு தெரியுது. நான் சண்டையா போடறேன்? முப்பத்திரெண்டே தச்சுக் குடுக்கறேன். நீயும் அவங்க சொல்ற அளவுக்கு வெட்டு. வேலை கையில வந்ததும் பிரிச்சுத் தச்சுக்கலாம்."

"அந்தப் பெரியவர் வந்து கண்ணு முன்னால நிப்பாருங்க."

"நின்னா உக்காரச் சொல்லு. கடைசித் தடவைம்மா இது."

தேர்வில் அது எழுபத்தொன்றாவது கேள்வியாக வந்தது. மற்றவை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் அதனிடம் திரும்பி வந்தாள். அ-வின் வட்டத்தை நிரப்பினாள். பென்சில் முனை ஒடிந்தது. கூராக்கி, மீதியையும் நிரப்பினாள்.

வாசலில் கணவர் காத்திருந்தார். "எந்த அளவு?"

"முப்பத்திரெண்டு."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தேர்வின் விடைக்குறிப்பு வெளியானது. எழுபத்தொன்றுக்கு விடை: இ. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. 'முந்தைய தேர்வில் பெறப்பட்ட ஆட்சேபத்தை ஏற்று இவ்விடை திருத்தப்பட்டுள்ளது.'

சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறுக்குக் கால் கழிவு. அவள் அரை மதிப்பெண்ணில் போனாள்.

அன்று மெஷின் ஓடவில்லை. கணவர் தைத்து முடித்த ஒரு சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வெட்டச் சொன்னேன்."

"பென்சில் என் கையிலதாங்க இருந்துச்சு."

"உன் மனுதான் ஜெயிச்சிருக்கு."

"ஆமாங்க. மனு பாஸ்."

வரம்புக்கான பிறந்தநாளும் வந்து போயிற்று. அடுத்த மாதம் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. காப்புப் பிரதிகளைத் தினமும் வேறொரு கட்டடத்தில் சேர்க்க வேண்டும். கூடவே புதிய கணினி அலுவலரும் வந்தார். இருபத்தாறு வயது, மரியாதையான பிள்ளை. முதல் வாரமே கடவுச்சொல்லை மறந்தார்.

"இந்த விதியை எதுக்கு மாத்தினாங்கன்னு தெரியுமாக்கா? பரீட்சையிலகூட வந்துச்சு. எனக்குச் சத்தியமாத் தெரியாது. ஏதோ குருட்டாம்போக்குல இ போட்டேன்."

"எங்கயோ தண்ணித் தொட்டி உடைஞ்சுதாம் சார்" என்றாள் அவள், புதிய கடவுச்சொல்லை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டே.

காலியான இரும்பு அலமாரியில் அவர் குடையையும் டிபன் டப்பாவையும் வைத்துக்கொள்கிறார்.

மாலை ஐந்து மணிக்கு அவள் பிரதியை பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு தெரு தாண்டி நூலகக் கட்டடத்துக்கு நடக்கிறாள். காவலாளி தினமும் பையைத் திறந்து பார்க்கிறார்.

"உள்ள என்னக்கா?"

"ஊருல பொறந்தவங்க, செத்தவங்க, எல்லாரும்."

"இவ்வளவுதானா?" என்று தூக்கிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை நீட்டுகிறார். அதில் இரண்டு பத்திகள். 'கொண்டு வந்தவர்' என்பதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போடுகிறாள். பக்கத்திலிருக்கும் 'பொறுப்பு அலுவலர்' பத்தி வெள்ளிக்கிழமைவரை காலியாகவே கிடக்கும். அன்றைக்கு அந்தப் பிள்ளை வந்து, ஐந்து நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போகும்.