சாயங்காலம் பனி உண்டா?

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு டிசம்பர் மாதம். திருவனந்தபுரத்திலிருந்து கல்லாற்றைத் தாண்டி மலையேறும் வழியில் ஒரு சின்ன கிளினிக். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். இந்த மாதிரி சிறு கிளினிக்குகளுக்குப் பயிற்சி கொடுப்பது அப்போது என் வேலை. நோயாளியிடம் என்ன கேட்பது, எப்படிக் குறித்து வைப்பது என்று சொல்லிக் கொடுப்பேன். மாதம் ஒருமுறை எல்லாக் கிளினிக்காரர்களையும் கூட்டி உட்கார வைத்து, எங்கே தப்பு நடக்கிறது என்று பேசுவோம்.

எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. கிழக்கேகோட்டைப் பக்கத்துத் தமிழ் வீடு எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இரண்டும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைப்பு.

நாள்பட்ட இருமலோடு வருகிறவர்களிடம் கேட்க மலையாளத்தில் ஐந்து கேள்விகளை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க்காரர்களுக்கு இது புரியுமா என்று நர்ஸ் தயங்கினாள். அதற்கென்ன என்று, 'வைகுந்நேரம்' என்பதை அடித்து 'சாயங்காலம்' என்று மாற்றி, இங்கும் அங்கும் தமிழாக்கி, மலையாள எழுத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, அந்த டிசம்பரில் போனபோது தாள்கள் அத்தனை அழகாக நிரப்பப்பட்டிருந்தன. அடுத்த கூட்டத்தில் இதையே மாதிரியாகக் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று எடுத்து அடுக்கினேன். வெளியே மலை மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் தேயிலைச் செடிகள், பிறகு ரோடு, பிறகு எதிர்க்கடையின் பெயர்ப்பலகை. பெஞ்சில் இருந்தவர்கள்கூடக் கனவில் வருகிறவர்கள் போலத் தெரிந்தார்கள். மணி நாலுதான்.

ஒரு பெஞ்சில் ஓர் இளம்பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அடுத்த பெஞ்சின் கோடியில் அவள் மாமியார், மடியில் ஏழு மாதக் குழந்தை. குழந்தை அம்மாவைப் பார்த்துப் பார்த்துச் சிணுங்கியது. மாமியார் அதன் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

நர்ஸ் காதோடு சொன்னாள். அவளுக்கு இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். காசநோய் என்றுதான் டாக்டர் சந்தேகப்படுகிறார். சளியை இரண்டு முறை சோதித்தும் ஒன்றுமில்லை, எக்ஸ்ரே படத்திலும் ஒன்றுமில்லை. ஆனால் காய்ச்சல் மட்டும் விடாமல் வருகிறது. மூன்று வாரமாகக் குழந்தையைத் தொட விடவில்லை, தட்டும் தனி. ஞாயிற்றுக்கிழமை அவளை மட்டும் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படிம்மா இருக்கு என்று தமிழில் கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல், கதவைப் பார்த்தபடி சொன்னாள்.

"சாயங்காலம் ஆச்சுன்னா பனி வந்துருதுக்கா. கதவ அடைச்சாலும் சந்து வழியா உள்ள வருது. அதுல மூச்சு விட்டா நெஞ்சு இழுக்கு."

நான் ஓடிப் போய்க் கேள்வித் தாளை எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது: 'சாயங்காலம் பனி உண்டா?' மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். ஒரு வார்த்தையைத் தமிழாக்கிய நான், அடுத்த வார்த்தையை அப்படியே விட்டிருந்தேன். தோட்டத்தில் பழகியவர்களுக்கு இரண்டு பனியும் தெரியும். புதிதாக வந்தவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் உண்டு என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் ஜுரம் என்போம், அவள் ஊரில் காய்ச்சல் என்பார்கள். இதில் ஒன்றை எழுத எனக்கு என்ன கேடு?

நர்ஸிடம் சொன்னேன். "ஐயோ சேச்சி, மஞ்ஞு ஆணோ?" என்று அவள் வாசலைக் காட்டினாள். ஆமாம், அந்த மூடுபனிதான் என்றேன். அவள் உடனே டாக்டரிடம் சொல்ல ஓடினாள்.

டாக்டர் பெரிய மனுஷர். கோபப்படவில்லை. அவளை அழைத்து நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். குளிர்ந்த காற்றில் வரும் இழுப்பு, காசநோய் இல்லை என்றார். பகலில் காய்ச்சல் பார்த்தபோது இல்லாததை யோசிக்காமல், தாளில் இருந்த டிக்கையே நம்பிவிட்டேன் என்று என்னிடம் வருத்தப்பட்டார். மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு, ஒட்டுகிற வியாதி எதுவும் இல்லை என்று நான் தமிழில் சொன்னேன்.

தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப பிள்ளைய நான் தூக்கலாமாக்கா?"

நான் பதில் சொல்லும் முன்பே மாமியார் குழந்தையை நீட்டிவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த கூட்டத்தில் நான் பெருமையடிக்கவில்லை. என் தாளைத்தான் முதல் தப்பாக வைத்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டேன். ஆனாலும் யாராவது 'ஆமாம்' என்று சொன்னால், எதற்கு ஆமாம் என்று இன்னொரு தடவை கேட்காமல் டிக் போட எனக்குக் கை வருவதே இல்லை.