ஒரே தட்டில் கை வைத்த பிலோமினாக்கா

பிலோமினாக்கா வேலையை விட்டுப் போன பிறகு எங்கள் முதியோர் இல்லத்தில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டியவள் நான்தான். நாங்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த கிரான்பர்னிலிருந்து தினமும் என் காரில்தான் இருவரும் போய் வந்தோம். எனக்குச் சலவைப் பகுதி. அவருக்கு முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டும் வேலை. மன்னார்க் கத்தோலிக்கர், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர், அறுபதைத் தாண்டியும் சும்மா உட்காரத் தெரியாதவர். முன்னால் ஒருவர் பசியோடு இருந்தால் அவருக்குப் பொறுக்காது. நல்ல குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மெக்கோனன் அங்கிள் எத்தியோப்பியர். பாரிசவாதம் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டது. மறதி நோயில் தெரிந்த ஆங்கிலமும் போய்விட்டது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தார். மகள் ஹிரூத் சனிக்கிழமைகளில் ஃபூட்ஸ்கிறேயிலிருந்து இஞ்சேரா கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள். தோசை போல மாவைப் புளிக்க வைத்து, பெரிய வட்டமாக ஒரு பக்கம் மட்டும் சுடுவது அது. மேலெல்லாம் பொத்தல். அதன் மேலேயே பருப்பையும் கறியையும் ஊற்றி, சுற்றியிருந்து எல்லோரும் பிய்த்துச் சாப்பிடுவார்களாம். விழுங்குவது கஷ்டம் என்பதால், கறியில் நன்றாக ஊறியதை மட்டும் சின்னச் சின்ன வாயாகக் கொடுக்கலாம் என்று நர்ஸ் அனுமதித்திருந்தார். கொடுத்தோம். கிழவர் வாயையே திறக்கவில்லை.

ஒரு நாள் பிலோமினாக்கா காலைச் சாப்பாடு இல்லாமல் வந்திருந்தார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அன்றைக்கு இல்லத்துச் சட்டமும் சேர்ந்து பறந்தது. கிழவரின் இஞ்சேராவில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். கிழவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தானும் ஒரு துண்டு பிய்த்தார். இத்தனை நாளும் அந்த மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது, கூட இருந்து சாப்பிட யாராவது வருவார்கள் என்றுதான். கலியாண வீடுகளில் ஆறு பேராகச் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் சோறு தின்று வளர்ந்த முஸ்லிம் பெண் நான். எனக்காவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

அதன் பிறகு மத்தியானம் என்றால் இருவரும் ஒரே தட்டில்தான். கிழவர் துண்டைக் கறியில் தோய்த்துச் சுருட்டி அக்காவுக்கு ஊட்டவும் தொடங்கினார். அது அவர்களுக்குள் பெரிய மரியாதை, ஒரு வாயோடு நிறுத்துவது அழகில்லை என்று ஹிரூத் சொன்னாள். முதல் தடவை அக்கா வெட்கத்தில் நெளிந்துவிட்டார்.

"என்னக்கா, இரண்டாங் கலியாணம் முடிஞ்சுதோ? எங்களுக்குச் சொல்லவேயில்லை," என்றேன்.

"போடி பரீனா. பாவம், மனுசன் ஆசையாத் தாறார்."

கிழவரின் கன்னத்தில் சதை வைத்தது. ஹிரூத் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. போதும் என்று ஒருவர் சொன்னால் நம்பமாட்டோம். கையால் தட்டை மறைத்தாலும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி போட்டுவிடுவோம். அதற்கு உபசாரம் என்று பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிழவர் பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா விடவில்லை. "மகளுக்காக ஒரு வாய். இந்தாங்கோ, இதோட சரி," என்றார். கறி முடிந்திருந்தது. ஓரத்தில் காய்ந்து கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். கிழவர் மரியாதைக்கு வாயைத் திறந்தார். பிறகு இருமல் பிடித்தது, உதடு நீலமானது. துவாய்களோடு வாசலில் நின்ற நான் கத்தினேன். நர்ஸ்மார் ஓடி வந்தார்கள். அம்புலன்ஸ் வந்தது. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் கிழவர் போய்விட்டார்.

சாப்பிடும்போது இருமினார் என்று மகளுக்குச் சொல்லப்பட்டது. அது பொய்யில்லை. திருப்பிய முகமும் காய்ந்த துண்டும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

செத்த வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா சொன்னார்: "நான் அந்தப் பிள்ளையிட்டச் சொல்லப்போறன்."

"உங்களுக்கென்ன விசரோ? வேலை போயிடும். அந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு வெடிச்சிடும். கோயில்ல சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டீங்கதானே, அது காணாதா?"

"சுவாமி மன்னிச்சிட்டார். செத்தது சுவாமியின்ர அப்பரே?"

நான் காரின் வேகத்தைக் கூட்டினேன்.

வீடு நிறையச் சனம். வெள்ளைச் சால்வை போர்த்திய பெண்கள் பெரிய தட்டங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஹிரூத் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "அப்பாவோடு சேர்ந்து சாப்பிட்டது இவர்தான்," என்று எல்லோருக்கும் சொன்னாள். ஒரு கிழவி நகர்ந்து இடம் விட்டாள். எங்கள் இருவரையும் தட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஹலாலோ என்று தெரியாததால் நான் இறைச்சியைத் தொடாமல் பருப்புப் பக்கமாகக் கை வைத்தேன்.

அக்கா கை வைக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மறைக்காமல் சொன்னார்: "அவர் போதும் என்று முகத்தைத் திருப்பினார். நான் கேட்கவில்லை. கறி இல்லாத துண்டு. என் கைதான் ஊட்டியது."

ஹிரூத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போனாள். ஒரு சின்னப் பீங்கான் தட்டில் இஞ்சேராவும் பருப்பும் வைத்து, பக்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டியும் வைத்துக் கொண்டுவந்தாள். சுவரோரம் இருந்த கதிரையைக் காட்டினாள். "அங்கே வசதியாக இருக்கும். சாப்பிடுங்கள்," என்றாள், மிகவும் மரியாதையாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளும் வேறென்ன செய்வாள்? வாயை மூடச் சொன்ன என்னுடைய கை தட்டத்திலேயே இருந்தது. என்னை யாரும் எழும்பச் சொல்லவில்லை.

பிலோமினாக்கா அந்தக் கதிரையில் உட்கார்ந்து, பழக்கமில்லாத முள்ளுக்கரண்டியால், தட்டில் வைத்ததில் ஒன்றும் மிச்சம் விடாமல் தனியே சாப்பிட்டு முடித்தார்.