லாஸ்ட் நேம் குப்பன்

அமெரிக்காவில், எடிசன் நகரில் நான் போகும் மூன்று கிளினிக்கிலும் என்னை "மிஸ்டர் குப்பன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குப்பன் என் அப்பா. இந்த நாட்டில் அப்பாவின் பெயர் லாஸ்ட் நேம் ஆகிவிடுகிறது. அறுபது வருடங்கள் 'கு' என்ற ஒற்றை எழுத்துக்குள் மறைத்து வைத்திருந்த பெயர் அது.

போன வாரம், எட்டாவது படிக்கும் பேத்தி 'நாஜி' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கட்சிப் பெயரின் சுருக்கம்தானே என்றேன். பாதிதான் சரி என்றாள். ஜெர்மனியின் பவேரியாவில் குடியானவர்கள் பிள்ளைகளுக்கு இக்னாஸ் என்று பெயர் வைப்பார்களாம். வீட்டில் அதைச் சுருக்கி நாஜி என்பார்களாம். நகரத்தார் விவரமில்லாத பட்டிக்காட்டான் எவனையும் அந்தப் பெயரால் கேலி செய்வார்களாம். கட்சி வந்தபோது எதிராளிகள் அந்தப் பழைய கேலியையே எடுத்துக் கட்சிக்காரர்கள் மேல் எறிந்தார்களாம்.

"தாத்தா, ரியல் இக்னாஸ் இருப்பாங்கள்ல, ஐ ஃபீல் சோ பேட் ஃபார் தெம்."

எனக்கு ஒரு நிஜ இக்னாஸைத் தெரியும்.

ஈரோட்டில் ஆறாவது படித்தபோது, கணக்கைத் தப்பாகப் போடும் எவனையும் எங்கள் வாத்தியார் "எந்திரிடா குப்பா" என்பார். நாற்பத்திரண்டு பேரில் தினமும் ஏழு பேராவது குப்பனாக எழுந்து நிற்பார்கள். மீதி முப்பத்தைந்து பேர் சிரிப்போம். நான் ஒருநாளும் எழுந்ததில்லை. அப்பாவின் பெயரை எவனிடமும் சொன்னதுமில்லை.

உதவித்தொகைப் பரீட்சைக்கான படிவத்தில் கையெழுத்துப் போட அப்பாவை வரச்சொன்னார்கள். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர், அரை நாள் வேலையை விட்டுவிட்டு, துவைத்த சட்டையில் வந்து, வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினார். வாத்தியார் பேனாவைத் திறந்துகொண்டு பெயரைக் கேட்டார்.

"குப்பனுங்க."

வகுப்பு சிரித்து உருண்டது. வாத்தியார் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காவிட்டால் அடுத்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம். அப்பா நான்கு எழுத்தையும் நிதானமாகப் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம், "உங்க வாத்தியாரு தங்கமானவரு கண்ணு, நல்லாப் படி" என்று மட்டும் சொன்னார். அவருக்கு எதுவும் புரியவில்லை என்று எனக்கு நிம்மதி.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஐந்து வருடம் படித்தேன். ஐந்து ஆண்டு விழா. நான்கில் பரிசு வாங்கினேன். ஒன்றுக்கும் அப்பா வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் அன்றைக்கென்று லோடு வந்துவிட்டதாகச் சொன்னார். அப்படிச் சரியாக லோடு வந்துகொண்டிருந்ததை என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.